மச்சானுக்கு நான் கொடுத்த மெடல்

எந்த அரசாங்கமும் கொடுக்காத இராணுவப் பதக்கங்களைச் சேர்ப்பவன் நான். இதை யாரிடமாவது சொன்னால், 'இராணுவப் பதக்கம்' என்ற இடத்தில் அவர்கள் முகத்தில் ஒரு மரியாதை தோன்றும். பிறகு 'எந்த அரசாங்கமும் கொடுக்காத' என்பது மெல்ல உறைக்கும். உடனே, "வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று கதையை மாற்றிவிடுவார்கள்.

விசயம் இதுதான். போருக்குப் போய் வந்தவர்களில் சிலருக்குப் பதக்கம் கிடைக்கும், பலருக்குக் கிடைக்காது. மேல்நாடுகளில் இந்த இரண்டாம் வகையினரின் மனத்தாங்கலை நம்பியே சில தனியார் பட்டறைகள் பிழைக்கின்றன. ஒரு நினைவுப் பதக்கத்தை வடிவமைத்து, நாடா கோத்து, விளம்பரம் செய்வார்கள். 'நானும் அங்கே இருந்தேன்' என்று எழுதி, காசையும் அனுப்பினால் தபாலில் பதக்கம் வரும். கொடுப்பவர் என்று யாரும் இல்லை, பெறுபவர் மட்டும்தான். சட்டம் தடுப்பதுமில்லை, தளபதிகள் மதிப்பதுமில்லை. இவற்றோடு முன்னாள் படையினர் சங்கங்கள் தங்கள் உறுப்பினருக்குக் கொடுக்கும் சட்டைச் சின்னங்களும் உண்டு. என்னிடம் இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று, போர்க்களத்துக்குப் பின்னால் நின்று மாப் பிசைந்து பாண் சுட்டவர்களின் சங்கச் சின்னம். மற்றது, படையினரின் உடுப்புத் துவைத்தவர்களுடையது. பீரங்கிக்கு முன்னால் நிற்பது பெரிய விசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு படைப்பிரிவு முழுவதன் காலுறைகளுக்கு முன்னால் நின்றவனையும் யோசிக்க வேண்டும்.

உரியவர் மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் பிள்ளைகள் இவற்றை இணையத்தில் விற்பனைக்குப் போடுவார்கள். அங்கே நான் வலை விரித்துக் காத்திருப்பேன்.

இந்தக் கிறுக்கு எனக்குப் புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் பிடித்தது. சில வருடங்களுக்கு முன் அங்கே எனக்கு ஒரு பட்டம் சூட்டினார்கள். எழுத்துத்துறைக்கு நான் ஆற்றிய பணிக்காக என்று அழைப்பிதழில் இருந்தது. மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், எழுத்து, இறால் வளர்ப்பு, ஹோட்டல், வாகன உதிரிப்பாகம் என்று பல துறைகளிலும் பணியாற்றியவர்கள் வரிசையாக நின்றார்கள். பொன்னாடையை அவரவரே கொண்டுவர வேண்டும் என்ற விவரம் எனக்கு மட்டும் எட்டியிருக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற இறால் பண்ணைக்காரர் பெருந்தன்மையோடு தன்னுடையதை இரவல் தந்தார். புகைப்படம் எடுத்து முடிந்ததும் வாங்கிக்கொண்டார். என் கழுத்தில் தொங்கிய பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஏதோவொரு கராத்தே போட்டியில் மிஞ்சியது. அதில் ஒரு மனிதன் காலைத் தூக்கி இன்னொருவனை உதைத்துக்கொண்டிருந்தான். இலக்கியத்துக்கு அது அவ்வளவு பொருத்தமில்லாததும் அல்ல. அன்றிலிருந்துதான் எந்தப் பதக்கத்தைக் கண்டாலும் முதலில் பின்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் இந்தச் சேகரிப்பைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பவர் ஒருவர்தான். அவர் என் மனைவியின் நானா, அதாவது அவளுடைய அண்ணன், என் மச்சான். வில்பத்துக் காட்டோரம், எலுவன்குளத்தில் வயல் செய்கிறவர். அதற்கு முன் பதினைந்து வருடம் ஊர்காவற்படையில் இருந்தவர். சுடுவதற்குத் துவக்கு கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பதினைந்து வருடத்தில் அவர் எதிர்கொண்டது பெரும்பாலும் யானைகளைத்தான்.

வந்து கதிரையில் உட்கார்ந்ததும் தொடங்குவார்.

"என்ன மச்சான், போன மாசம் எந்தச் சண்டையில வெண்ட?"

"பர்மாவுல."

"ஆள் சேதமெல்லாம் எப்பிடி?"

"தபால்காரருக்குத்தான் கொஞ்சம் களைப்பு."

அவர் தொடையில் அடித்துச் சிரிப்பார். என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வருடக்கணக்காக ஒரே பகிடியைக் கேட்பவனுக்கு உள்ளே ஏதோ ஒன்று புளித்துக்கொண்டே வரும்.

அப்படியிருக்க, ஒருநாள் மச்சான் வந்தார். சண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்தார். அலுமாரிப் பக்கம் பார்த்தார். இன்னொரு தேத்தண்ணி குடித்தார்.

"மகள்ட விசயம் ஒண்டு வந்திரிக்கு மச்சான்."

அது எங்களுக்குத் தெரியும். அவருடைய மகள் புத்தளத்தில் கணினி படிப்பிக்கிறாள். பையன் கற்பிட்டிப் பக்கம் காற்றாலையில் வேலை செய்கிறான். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. அது இரண்டு வீட்டுக்கும் தெரியும். இரண்டு வீடும் ஒன்றும் தெரியாததுபோல் ஒரு தரகரை வைத்து முறைப்படி பேசிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் காதல் கலியாணம் இவ்வளவு ஒழுங்காகத்தான் நடக்கும்.

"நல்ல விசயம்தானே. என்ன பிரச்சின?"

"மாப்பிளட வாப்பா ஆமியில இருந்தவரு. மெடல் எடுத்தவராம். தரகர் அதையே சொல்லிட்டு இரிக்காரு. நானும் கேட்டுட்டே இருந்தேன். ஏழாவது தரம் சொன்ன நேரம் வாயில வந்துட்டு."

"என்ன வந்த?"

"என்னட்டயும் ஒண்டு இரிக்கு எண்டு."

"உங்கட்ட இல்லையே மச்சான்."

"எனக்கிட்ட இல்ல. உங்கட்ட இரிக்கே."

அவருடைய பிரிவுக்குப் பதக்கம் கொடுத்த வருடம் பட்டியலில் இவர் பெயர் விடுபட்டுப் போனது எனக்குத் தெரியும். கேட்கப் போனபோது அடுத்த பட்டியலில் பார்ப்போம் என்றார்களாம். அடுத்த பட்டியல் என்று ஒன்று வரவேயில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "ஆனயத் துரத்தினதுக்கு மெடல் தந்தா, ஆனைக்கும் ஒண்டு குடுக்கணுமே" என்று சொல்லித் தட்டிவிடுவார்.

"வாற வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு அவங்க வாறாங்க. முன் அறையில கண்ணாடி அலுமாரிக்குள்ள வெச்சாப் போதும். ஒரு நாளைக்கித்தான். பொய் எண்டு தெரிஞ்சா மகள்ட விசயம் அத்தோட சரி."

நான் என் மனச்சாட்சியைக் கலந்தாலோசித்தேன். பிறர் வென்ற அரச பதக்கத்தை இன்னொருவர் தன்னுடையது என்று காட்டுவது குற்றம். யாருமே கொடுக்காத பதக்கத்தை யார் வைத்திருந்தால்தான் என்ன? மனச்சாட்சிக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. அத்தோடு அது நித்திரைக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்த புளிப்பு எழுந்துகொண்டது.

என்னிடம் ஒரு பதக்கம் இருந்தது. முன்பக்கம் பார்த்தால் எந்த ஜெனரலும் நெஞ்சில் குத்திக்கொள்ள ஆசைப்படுவார். நடுவில் ஒரு மலை, மலைக்கு மேல் நட்சத்திரம், சுற்றிவர இலை வளையம், பச்சையும் மண்ணிறமும் கலந்த நாடா. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். அதன் பொருள் ஏறத்தாழ இது: மனிதரின் போரில், எதுவும் கேளாமல் சுமை சுமந்த கழுதைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும். அவற்றின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கோ மலைநாட்டுப் போர்களில் மாண்ட சுமை மிருகங்களின் நினைவாக, அவற்றை ஓட்டிச் சென்ற முதியவர்கள் காசு சேர்த்து அடிப்பித்தது. கற்பிட்டி வீதியில் நடு றோட்டில் படுத்துக்கிடந்து பஸ்ஸையே நிறுத்தும் கழுதைகளோடு வாழ்கிறவன் என்ற முறையில் அதை ஆசையாக வாங்கியிருந்தேன்.

மச்சானுக்குத் தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரியும். இங்கிலீஷ் வராது. ஆமிக்காரரும் அப்படித்தான் இருப்பார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். வெல்வெட் பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்தபோது மச்சான் அதை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பாரமா இரிக்கு" என்றார்.

"சுமக்கிறவங்களுக்குரிய மெடல்" என்றேன். அவர் போன பிறகு குசினிக்குள் போய் அடுப்போரம் நின்று தனியாகச் சிரித்தேன். என் மனைவி காரணம் கேட்டாள். பர்மாவில் வெற்றி என்றேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் எலுவன்குளத்துக்குப் போனபோது வீடு சுண்ணாம்பு பூசி வெள்ளையாக நின்றது. கண்ணாடி அலுமாரியில் இருந்த கோப்பை, பீங்கான் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நடுத் தட்டில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். மச்சான் வெள்ளைச் சேர்ட்டும் புதுச் சாரமுமாக, வழக்கம்போல் வலது கையைச் சாரத்து மடிப்பில் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

சிலாபத்திலிருந்து வேனில் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா உயரமானவர், நரைத்த மீசை. மலாய்க் குடும்பம். வீட்டில் மலாய், கடைத்தெருவில் தமிழ், முகாமில் சிங்களம் என்று வாழ்ந்தவர். சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்பத் குடித்துக்கொண்டே, ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மனிதர் சும்மாதான் இருந்தேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா?

"டோஹாவுல ஒரு வெள்ளக்காரக் கொம்பனி. செகியூரிட்டி மேற்பார்வ. பதினொரு வருசம். ஒவ்வொரு நாளும் ரிப்போட் எழுதணும், எல்லாம் இங்கிலீசுல."

நான் சர்பத்தை வைத்துவிட்டு என் கதிரையை அலுமாரிப் பக்கம் மெல்ல நகர்த்தினேன்.

அவர் எழுந்தார். நேராக அலுமாரிக்கு முன்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு ஆமிக்காரன் இன்னொரு ஆமிக்காரனின் மெடலைப் பார்க்காமல் உட்கார முடியாது என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

"இது நம்மட அரசாங்கத்து மெடல் இல்லையே. இந்த நாடா நான் கண்டதில்ல."

"வெளிநாட்டுச் சங்கமொண்டு குடுத்த" என்றார் மச்சான். அது நான் சொல்லிக்கொடுத்த வசனம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "விவரமெல்லாம் மச்சானுக்குத்தான் தெரியும். பேப்பர்ல எழுதுற ஆள். மச்சான், அதுல என்ன எழுதியிரிக்கு எண்டு வாசிச்சுக் காட்டுங்களன்."

பெட்டியை எடுத்து என் கையில் தந்தார். முன் அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அறைக்கதவுத் திரைக்குப் பின்னால் பெண்களின் வளையல் சத்தமும் நின்றது. சார்ஜன் மூக்குக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார்.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. உள்ளபடி வாசித்தால், மச்சான் தன் வீட்டு முன் அறையில், சம்பந்தியின் முன்னால், கழுதை மெடல் எடுத்தவராக நிற்பார். வேறு எதையாவது இட்டுக்கட்டி வாசித்தால், அடுத்து அதைக் கையில் வாங்கிப் பார்க்கப்போகிறவருக்குப் பதினொரு வருட இங்கிலீஷ் இருக்கிறது. இரண்டிலும் உடையப்போவது திரைக்குப் பின்னால் நின்ற பிள்ளையின் விசயம். இத்தனை வருட எழுத்துப் பணியில் இப்படியொரு மொழிபெயர்ப்பு எனக்கு வாய்த்ததில்லை.

பதக்கத்தைத் திருப்பினேன். தொண்டையைச் செருமினேன்.

"மனிதரின் போரில், எதுவும் கேளாமல் சுமை சுமந்தவர்களுக்கு. அவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை."

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நமக்கெண்டே எழுதினாப்போல இரிக்கு" என்றார்.

நான் பூமிக்குள் இறங்க இடம் தேடினேன். புதிதாகச் சீமெந்து போட்டிருந்தார்கள்.

சார்ஜன் பதக்கத்தை என் கையிலிருந்து வாங்கினார். வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தார். வாசிக்கும்போது உதடு அசைந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சரியாத்தான் வாசிச்சீங்க. ரெண்டு சொல்ல மட்டும் விட்டுட்டீங்க."

"என்ன சொல்?" என்று மச்சான் கேட்டார்.

சார்ஜன் மச்சானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வை சற்று நீளம்.

"ஒண்டுமில்ல, வெளிநாட்டு ஆக்கள்ட பேர். சாப்பிட்டுட்டுக் கதைப்பம்."

நிலத்தில் பாய் விரித்து, சஹனில் சோறு வைத்தார்கள். பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் எங்கள் வழக்கம் சமாதானத்துக்கு உகந்தது என்று நானே பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். எதிரே சம்மணமிட்டிருப்பவர் உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் என்றால், அதைவிடப் பயங்கரமான ஏற்பாடு உலகில் இல்லை. இறைச்சி எடுக்கக் கை நீட்டும்போதெல்லாம் அவர் கையோடு முட்டியது.

மச்சான் வேறு வழியில்லாமல் வலது கையை மடிப்பிலிருந்து எடுத்தார். அதில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. அந்த மூன்றாலும் சோற்றைப் பக்குவமாக உருட்டுவார். சார்ஜன் அதைக் கவனித்தார்.

"என்ன நடந்த?"

"ஆன துரத்துற வெடி. திரி கட்டையா இருந்திரிக்கு, கைக்குள்ளயே வெடிச்ச. மரவள்ளித் தோட்டத்துக்குள்ள புள்ளைகள் மூணு பேர் மாட்டியிருந்தாங்க. ஆன அவங்களுக்கு முன்னால. எறிய நேரம் கிடைக்கல்ல."

"ஆன?"

"சத்தத்துக்குப் போயிட்டு. போகக்குள்ள ஒரு தரம் திரும்பிப் பாத்த. பாவமெண்டு நெனச்சிரிக்கும்."

"அதுக்கு என்ன தந்தாங்க?"

"மூணு நாள் லீவு."

சார்ஜன் சஹனில் இருந்த பெரிய இறைச்சித் துண்டை எடுத்து மச்சானின் பக்கம் தள்ளினார். எங்கள் வழக்கப்படி வீட்டுக்காரர்தான் விருந்தாளிக்குத் தள்ள வேண்டும். மச்சான் அதைத் திருப்பித் தள்ளினார். அவர் மறுபடியும் தள்ளினார். அந்தத் துண்டு என் கண்ணெதிரே மூன்று முறை சோற்றுமலையைக் கடந்தது. கடைசியில் மச்சான்தான் தோற்றார். குனிந்தபடியே சாப்பிட்டார்.

கை கழுவ வெளியே பைப்படிக்குப் போனபோது சார்ஜன் என் பின்னால் வந்து நின்றார்.

"விட்ட சொல்லுகளச் சொல்லுங்க பாப்பம்."

சொன்னேன். கலியாணம் பேசுகிற வீட்டில் நின்று 'கோவேறு கழுதை' என்று சொல்வது அவ்வளவு இலகுவல்ல.

"தெரிஞ்சிதான் குடுத்தீங்களா?"

"ஓம்."

"ஏன்?"

"அவர் என்னப் பாத்துச் சிரிப்பாரு."

அவர் சவர்க்காரத்தை வாங்கி நிதானமாகக் கை கழுவினார்.

"நான் ஆமியில இருவத்திரண்டு வருசம். அதுல பதினெட்டு வருசம் சாமான் பகுதி. மா மூட, பருப்பு மூட, சீனி மூட. மெடல் நாலு இரிக்கு. எதுக்குத் தந்தாங்க எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கல்ல. நான் கேக்கவுமில்ல." கையை உதறினார். "இதுல காரணம் எழுதியிரிக்கு."

"மன்னிச்சுக்கொள்ளுங்க."

"எனக்கேன் மன்னிப்பு? அவருக்கிட்டக் கேளுங்க. இல்ல, வேணாம். கேட்டா அவருக்குத் தெரிஞ்சி போகும்." கை துடைத்த துவாயை என் தோளில் போட்டார். "இந்த வெளையாட்ட எங்கட வீட்டுக்கு வந்து வெளையாட வேணாம். எங்கட வீட்டுல எல்லாருக்கும் இங்கிலீசு தெரியும்."

உள்ளே போய் உட்கார்ந்ததும் அவரே திகதியைப் பேசத் தொடங்கினார். நோன்புப் பெருநாள் கழிந்த மறுமாதம் என்று முடிவானது. மச்சான் எழுந்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து முஸாபஹா செய்தார். வலது கையை மறைக்கவில்லை.

நாங்கள் புறப்படும்போது மச்சானின் மகள், என் மருமகள், வந்து நாங்கள் பிடித்து வந்த வேனின் ஜன்னலோரம் நின்றாள். வெல்வெட் பெட்டியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். என் மனைவி உள்ளே விடைபெற்றுக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதட பின்பக்கத்த நான் நேத்தே வாசிச்சிட்டேன்."

கணினி படிப்பிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை.

"வாப்பாட்ட சொல்லல்லயா மகள்?"

"சொன்னா கலியாணமே வேணாமெண்டுவாரு."

"எடுத்து ஒளிச்சிரிக்கலாமே."

"எதுக்கு ஒளிக்க? அவர்ட வாப்பாக்கு இங்கிலீசு தெரியுமெண்டு எனக்குத் தெரியும். இதப் பாத்துட்டு என்ட வாப்பாவச் சிரிக்கிற ஆக்களெண்டா, எனக்கு இண்டைக்கே தெரியணும். கலியாணம் முடிஞ்சி தெரிஞ்சி என்ன செய்ய?" பெட்டியை என் மடியில் வைத்தாள். "யாருமே சிரிக்கல்ல மாமா. சிரிச்ச ஆள் நீங்க மட்டும்தான்."

அவள் பெட்டியை என் மடியில் வைத்தபடியே ஒருமுறை தட்டினாள்.

"கலியாணத்துக்குக் கோட்டுல இதக் குத்திட்டு வாங்க."

"என்ன மகள் இது, அங்க எத்தினை பேர்..."

"வரல்லெண்டா நான் வாப்பாக்கு முழுசா வாசிச்சுக் காட்டுவேன். விட்ட ரெண்டு சொல்லயும் சேத்து."

கலியாணம் புத்தளத்தில் நடந்தது. வியர்வையில் ஊறிய கறுப்புக் கோட்டும், நெஞ்சில் மலையும் நட்சத்திரமும் மின்ன நான் மண்டபத்துக்குள் நுழைந்தேன். மேடையில் மணமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். முன் வரிசையில் நாலு மெடல்களோடு உட்கார்ந்திருந்த சார்ஜன், கதிரையிலிருந்து எழுந்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். விவரம் தெரியாத பலரும் என்னை யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

மச்சான் பெருமையோடு வந்து என் தோளில் கைபோட்டு, என்னைச் சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினார்.

"இது எனக்கு வந்த மெடல். மச்சானுக்குச் சரியான ஆச. போகட்டும், இண்டைக்கு ஒரு நாள் நீங்களே போட்டுக்கங்க எண்டு குடுத்திட்டேன். அவருக்கும் பொருத்தமாத்தானே இரிக்கு?"

எல்லோரும் ஓம் என்றார்கள்.